தப்பில்லாம ஒரே ஒரு தடவை

— நிறுத்து, நிறுத்து. மறுபடியும் அதே இடத்துல கொண்டுபோய்க் கவுத்துட்டியே அக்கா!

— நான் என்னடா பண்ணட்டும்? அந்த இடம் வந்தாலே விரல் வழுக்குது.

— வழுக்கல. நீ வைக்கிற இடம் தப்பு. கிடார் கழுத்துல குறுக்க இருக்கிற அந்த ஃப்ரெட் பட்டை மேலேயே விரலை ஏத்துறே. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி, ஒட்டினாப்ல வை. அப்ப லேசா அழுத்தினாலே சத்தம் சுத்தமா வரும். நீ என்னடான்னா பஸ்ஸுக்கு ஹேண்ட்பிரேக் இழுக்கிற மாதிரி அழுத்துறே.

— இத்தனை வருஷமா பஸ் ஓட்டுற கைடா இது. இதுக்கு மென்மையா எதையும் தொடத் தெரியாது.

— யார் சொன்னா? பள்ளிக்கூடம் விடுற நேரத்துல அந்த வாசலைத் தாண்டும்போது எப்படி ஓட்டுவே?

— ஊர்ந்து போவேன். எந்தப் பிள்ளை எங்கிருந்து ஓடி வரும்னு யாருக்குத் தெரியும்?

— அதான் விஷயம். அந்த வேகத்துல வாசி. நேத்து வந்து கிடாரைத் தொட்டவங்க எல்லாருக்கும் ஒரே வியாதி, எடுத்த எடுப்புல ஹைவேயில பறக்கணும். மெதுவா சரியா வாசிச்சா கை சரியானதைக் கத்துக்கும். வேகமா தப்பா வாசிச்சா தப்பைக் கத்துக்கும். கைக்கு நல்லது கெட்டது தெரியாது, நாம எதைக் காட்டுறோமோ அதான்.

— டேய், டேய், கையை ஆட்டாதேடா! ஊசி ரெண்டும் குத்தியிருக்கு.

— ஆட்டல.

— ஆட்டினே. இடது கை விரல் தானா கம்பியைத் தேடுது. இந்த டயாலிசிஸ் மெஷின் கத்திச்சுன்னா சிஸ்டர் ஓடிவந்து என்னைத்தான் திட்டுவாங்க. வாயால சொல்லு, போதும்.

— வாயாலதானே சொல்லிட்டு இருக்கேன். இனிமே எனக்கு வாய் மட்டும்தான். சரி, உன் ஹெட்போனை நல்லா மாட்டு. என்னோடதுல ஒரு பக்கம் சத்தம் வரமாட்டேங்குது, அந்த வொயரைக் கொஞ்சம் திருகிவிடு... ஆங். இப்ப கேக்குது. கடைசி வரியை எடு.

— முதல்லேர்ந்து ஒரு தடவை வரட்டுமா?

— வேண்டவே வேண்டாம். எப்பப் பாரு முதல்லேர்ந்து, முதல்லேர்ந்து. அதனாலதான் உனக்கு ஆரம்பம் மட்டும் தேனா இருக்கு, முடிவு மண்ணாப் போகுது. வராத இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கோ. ரெண்டே ரெண்டு சுரம். அது வந்தா அதுக்கு முந்தின சுரத்தைச் சேர்த்துக்கோ. அப்படியே பின்பக்கமா வா.

— ரிவர்ஸ் எடுக்கச் சொல்றே.

— அதேதான். உனக்குச் சொல்லியா தரணும்? சும்மா எடு.

— ...

— ம். அந்தக் கம்பியை மேல தள்ளி வளைக்கிறே பார், அது பாதியிலேயே நிக்குது. எங்க போய்ச் சேரணும்னு தெரியாம தள்ளினா அப்படித்தான். முதல்ல ரெண்டு ஃப்ரெட் தள்ளி அந்தச் சுரத்தை நேராவே வாசி. காதுல வாங்கிக்கோ. அப்புறம் கீழ வந்து, கம்பியைத் தள்ளி, அந்த உயரம் வர்ற வரைக்கும் கொண்டு போ. ஒத்தை விரலால தள்ளாதே. மூணாவது விரல் தள்ளட்டும், மத்த ரெண்டும் பின்னாடி நின்னு முட்டுக் கொடுக்கட்டும்.

— விரல் நுனி எரியுதுடா.

— எரியட்டும். தோல் உரிஞ்சு காய்ச்சுப் போச்சுன்னா அப்புறம் எரியாது. ஆனா மணிக்கட்டு வலிச்சா உடனே கிடாரைக் கீழ வெச்சிடு, அது வேற வலி. மணிக்கட்டு வலிக்குதா?

— இல்ல.

— அப்ப நடிக்காதே.

— கிடார்க்காரரே, பிரஷர் பார்க்கணும், அந்தப் பக்கத்துக் கையைக் கொடுங்க. டிரைவரம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, சரிங்களா? உங்க கிடார் தலை போன தடவையே என் இடுப்புல ஒரு குத்து குத்திடுச்சு.

— ஐயோ, மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். இடமே இல்ல இங்க.

— இருக்கட்டும், இருக்கட்டும். பக்கத்துப் படுக்கைப் பெரியவர் கேக்கிறார், அந்தம்மா வர்றப்பெல்லாம் டொக்கு டொக்குன்னு எதைத் தட்டுறாங்கன்னு. வொயர்ல போற சத்தம் அவருக்கு எங்க தெரியும்? வெளிய கேக்கிறது வெறும் கம்பித் தட்டல்தானே... ம்ம், பிரஷர் ரொம்பக் கம்மியா இருக்கே. தலை சுத்துதா?

— சுத்தாத நாள் எது சிஸ்டர்?

— காலைத் தூக்கி வைக்கிறேன், அப்படியே இருங்க. அப்புறம், புதன்கிழமைக்கு என்ன முடிவு பண்ணீங்க? டாக்டர் இன்னிக்கே கேட்டுச் சொல்லச் சொன்னார். இந்தப் படுக்கைக்கு ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க, சின்ன வயசு. நீங்க வரலைன்னா அவங்களைப் போடணும், சரிங்களா?

— சிஸ்டர், அதை அப்புறம் பேசலாமே.

— இருங்க, இருங்க. புதன்கிழமைக்கு என்ன சிஸ்டர்? இவன் ஏன் வரமாட்டான்?

— டிரைவரம்மாவுக்குத் தெரியாதா? ஐயோ, நான் வேற வாயை விட்டுட்டேனே.

— பரவாயில்ல சிஸ்டர். நீங்க போங்க. மெஷின் முடியறதுக்குள்ள நானே கூப்பிட்டுச் சொல்றேன்.

— சரிங்க. சத்தம் போட்டுக்காதீங்க ரெண்டு பேரும். இங்க எல்லாரும் தூங்கறாங்க, சரிங்களா?

— டாக்டர்கிட்ட சொல்லிட்டியாடா?

— ம்.

— என்னத்தைச் சொன்னே? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

— போதும்னு சொன்னேன். இனிமே டயாலிசிஸ் வேண்டாம்னு. வற்புறுத்த முடியாது, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னார். யோசிச்சாச்சுன்னேன்.

— அதெப்படி நீ பாட்டுக்கு முடிவு பண்ணுவே? நம்ம பேச்சு என்ன? நீ போட்ட இந்த ட்யூனை நான் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் தப்பில்லாம ஒரே ஒரு தடவை வாசிக்கணும். அது வரைக்கும் நீ இங்க வருவே. அதுக்கப்புறம் நான் வான்னு கூப்பிடக்கூடாது. அதானே பேச்சு?

— அதான் பேச்சு.

— நான் இன்னும் வாசிக்கலையே!

— இதான் கடைசி வரி. இதுக்கு மேல ட்யூன்ல ஒண்ணும் இல்ல. இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வாசிச்சிடுவே.

— வாசிக்கமாட்டேன். எனக்கு வராது. நான் மக்கு. நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே.

— உன்னை எப்ப மக்குன்னேன்? கழுதைன்னுதானே சொன்னேன்.

— சிரிப்பு காட்டாதே. டேய், டயாலிசிஸை நிறுத்தினா எத்தனை நாள் தாங்கும்னு உனக்குத் தெரியுமா?

— தெரியும். அதையும் கேட்டுக்கிட்டேன்.

— கடவுளே! சினிமா எத்தனை மணிக்கு விடும்னு கேக்கிற மாதிரி கேட்டியாக்கும்?

— அக்கா, நீ நான் சொல்றதைக் கேளு. ஒரு டம்ளர் தண்ணியை முழுசாக் குடிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா எனக்கு? ஐஸ் துண்டை நக்கிக்கிட்டுக் கிடக்கிறேன். வாரத்துல மூணு நாள் இங்க. மிச்ச நாலு நாள் இங்க வந்த அலுப்புல படுக்கை. கிட்னி மாத்தலாம்னா ஆபரேஷனை என் நெஞ்சு தாங்காதுன்னுட்டாங்க.

— நான் தர்றேன்னு எத்தனை தடவை சொன்னேன். ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோங்கன்னு டாக்டர் காலைப் பிடிக்காத குறை.

— நீ தந்தா வாங்கிக்க எனக்கு உடம்பு வேணுமே. அதை விடு. இந்தக் கையைப் பாரு. ஊசி குத்துறதுக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைச்சாங்களே, அன்னிலேர்ந்து விரல் ஜில்லுனு கிடக்கு. ஒரு கம்பியை அழுத்தினா அழுத்தினேனா இல்லையான்னே தெரியல. கிடாரும் போச்சு, தண்ணியும் போச்சு. இன்னும் என்ன இருக்குன்னு இங்க வந்து படுக்கணும்?

— நான் இருக்கேன்டா. அது பத்தாதா உனக்கு? அம்மா அப்பா போனப்புறம் எனக்கு யார் இருக்கா? கட்டினவன் ஒரு பக்கம் போனான். ஷிஃப்ட் முடிஞ்சு டிப்போவுல பஸ்ஸை விட்டுட்டு வந்தா, நீ போன்ல "சாப்பிட்டியா கழுதை"ன்னு கேப்பியே, அது ஒண்ணுதான் எனக்கு வீடு. அதையும் பிடுங்கிக்கிட்டுப் போறேங்கிறே.

— அழாதே. ஹெட்போனுக்குள்ள தண்ணி போயிடும்.

— போகட்டும், எழவு.

— கடைசி வரியை எடு.

— இப்ப எனக்குக் கை வராது.

— இப்பதான் வரும். மனசு சரியில்லாதப்ப வாசிச்சுப் பழகணும். எல்லாம் நல்லா இருக்கிற நாள்ல மட்டும் வாசிக்கிறேன்னா கிடாரைப் பரண்ல போட்டுட வேண்டியதுதான். எடு. வாசிக்காத கம்பியை வலது உள்ளங்கை ஓரத்தால லேசாத் தொட்டு அடக்கி வை. எலக்ட்ரிக் கிடார்ல வாசிக்கிறது பாதி, தேவையில்லாத கம்பியைப் பேசவிடாம வைக்கிறது பாதி.

— ...

— ம்... ம்... இந்தா, போச்சு. இன்னொரு தடவை.

— ...

— போச்சு. இன்னும் ஒரு தடவை வாசி. நான் கண்ணை மூடிக்கிறேன்.

— எதுக்குக் கண்ணை மூடுறே? பயமா இருக்கு, திற.

— வாசி சும்மா.

— ...

— அக்கா.

— என்ன?

— வீட்டுல எதை வெச்சுத் தாளம் பார்த்து வாசிக்கிறே? நான் சொன்ன மெட்ரோனோம் வாங்கலையே நீ.

— எதுக்கு அது? கடைசி ஸ்டாப்புல ஆள் எல்லாம் இறங்கினப்புறம் அரை மணி நேரம் பஸ் நிக்கும். பின் சீட்ல உட்கார்ந்து வாசிப்பேன். முன்னாடி இண்டிகேட்டரைப் போட்டுவிட்டா டிக்கு டிக்குன்னு ஒரே சீரா அடிக்கும். அதுக்கு வாசிப்பேன்.

— தினமுமா?

— தினமும்தான். நீதானே சொன்னே, ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் வாசிக்கிறதைவிட தினம் கால் மணி நேரம் வாசிக்கிறது மேல்னு.

— அதான் பார்த்தேன். உன் தாளம் இம்மி பிசகல.

— அப்ப நல்லதுதானே?

— நல்லதில்ல. நிஜமாத் தப்பு பண்றவளுக்கு முதல்ல தாளம்தான் தப்பும். அந்த இடம் வரும்போதே கை பயந்து லேசாப் பின்வாங்கும், அப்புறம் தடுமாறும், அப்புறம்தான் தப்பு விழும். நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்! உன் கை பயப்படவே இல்ல. ஜம்முனு வந்து, டிக்கு மேல கரெக்டா உட்கார்ந்து, அழகா ஒரு ஃப்ரெட் தள்ளி அழுத்துது. பக்கத்துக் கம்பியைக்கூட அடக்கி வெச்சிட்டுத் தப்பு பண்றே. நீ வேணும்னே தப்பா வாசிக்கிறே.

— இல்லடா.

— என் மேல சத்தியமா இல்லைன்னு சொல்லு.

— உன் மேல சத்தியம் பண்ற நிலைமையிலயா நீ இருக்கே?

— எவ்வளவு நாளா வாசிக்க வருது உனக்கு?

— மூணு வாரமா.

— மூணு வாரமா!

— கத்தாதே, மெஷின் கத்தும். ஆமா, மூணு வாரமாத்தான். ஒரு நாள் பின் சீட்ல உட்கார்ந்திருந்தப்ப கை தானாப் போய் முடிச்சிடுச்சு. முதல் சுரத்துலேர்ந்து கடைசிச் சுரம் வரைக்கும், ஒரு இடத்துலகூட நிக்கல. வேற யாரா இருந்தாலும் துள்ளிக் குதிச்சிருப்பாங்க. நான் கிடாரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். அடுத்த நடைக்கு ஏற வந்த ஜனம் எல்லாம் கதவுகிட்ட நின்னு வேடிக்கை பார்க்குது.

— என்னை ஏமாத்தியிருக்கே.

— ஏமாத்தினேன். இன்னும் ஏமாத்துவேன். கிழவியாகிற வரைக்கும் அந்த இடத்துல தப்பு பண்ணிட்டே இருப்பேன். என்னடா பண்ணுவே?

— அப்படின்னா பேச்சு முறிஞ்சுபோச்சு. நீ முறிச்சுட்டே. நீ வாசிச்சாலும் ஒண்ணுதான், வாசிக்காட்டியும் ஒண்ணுதான். சிஸ்டரைக் கூப்பிடு.

— டேய், வேண்டாம்.

— கூப்பிடு. புதன்கிழமை அந்தச் சின்ன வயசு ஆளைப் போட்டுக்கச் சொல்லு.

— வேண்டாம்டா, உன் காலைப் பிடிக்கிறேன். இதோ பாரு, நிஜமாவே பிடிச்சிருக்கேன். ஐயோ, எப்படி வீங்கிக் கிடக்கு இது! இன்னும் ஒரு மாசம் வா. ஒரே மாசம். எனக்காக.

— ஒரு மாசம் போனா இன்னொரு மாசம் கேப்பே.

— கேப்பேன். கேக்கத்தான் செய்வேன். பெத்தவ இல்லைன்னாலும் தூக்கி வளர்த்தவடா நான்.

— அக்கா, கையை எடு, கால்லேர்ந்து கையை எடு. பெரியவர் முழிச்சுப் பார்க்கிறார். எனக்கு மனசு கேக்கல, எழுந்திரு... சரி, ஒண்ணு சொல்றேன். எனக்கு ஒரு ஆசைதான் பாக்கி. என் ட்யூனை முழுசா இன்னொருத்தர் கையிலேர்ந்து கேக்கணும். மூணு வாரமா அது உன் கையில இருக்கு, எனக்குக் காட்டாம ஒளிச்சு வெச்சிருக்கே. அது பாவம் இல்லையா? நான் கேக்காமலே போகணுமா?

— இப்படிக் கேட்டா நான் என்னடா செய்வேன்? வாசிச்சாலும் போயிடுவே, வாசிக்காட்டியும் போயிடுவே.

— வாசிச்சா, கேட்டுட்டுப் போவேன்.

— படுபாவி. நீ நல்லா இருப்பியாடா?

— ஹெட்போனைக் கழட்டு.

— என்னது?

— வொயரைப் பிடுங்கிடு. அந்தச் சின்ன ஆம்ப் பெட்டியோட ஸ்பீக்கர்ல சத்தம் வெளிய வரட்டும். உள்ளுக்குள்ளேயே வாசிச்சுப் பழகினவ, வெளிய வாசிக்கிறப்பதான் நிஜமா வாசிக்கிறா. வாசிக்கிறதுக்கு முன்னாடி ஸ்ருதி பார்த்துக்கோ. மூணாவது கம்பி ஒரு பொட்டு இறங்கியிருக்கு... இன்னும் கொஞ்சம்... ஆங், போதும்.

— எல்லாரும் முழிச்சுக்குவாங்களேடா.

— முழிக்கட்டும். மூச்சை வெளிய விட்டுட்டு ஆரம்பி. தப்பு வந்தா நிக்காதே, முகத்தைச் சுளிக்காதே, அடுத்த சுரத்துக்குப் போயிட்டே இரு. கேக்கிறவனுக்கு உன் தப்பு தெரியாது, உன் மூஞ்சிதான் தெரியும்.

— நீ மேடையில வாசிக்கும்போது ஒரு நாள்கூட நான் வந்து கேக்கலைடா. எப்பவும் சாயங்கால ஷிஃப்ட். இந்த ட்யூனையாவது நீ உன் கையால வாசிச்சு நான் கேட்டிருக்கணும்.

— கேக்காததும் ஒரு வகையில நல்லதுதான். ம், ஆரம்பி.

— ...

— ம்... அங்க இடைவெளி விடு. விடு, விடு. அவசரம் இல்ல. சும்மா இருக்கிற இடமும் ட்யூன்தான்... ஆகா. இப்ப ரெண்டாவது வரி... அந்தச் சுரத்தைக் கொஞ்சம் ஆட்டு, மணிக்கட்டால, சாவி திருப்புற மாதிரி... அதான், அதான்.

— என்னங்க இது, வார்டுல ஸ்பீக்கர் போட்டுட்டீங்க? டிரைவரம்மா! ஆஸ்பத்திரிங்க இது!

— சிஸ்டர், கையெடுத்துக் கும்பிடுறேன், கொஞ்ச நேரம். அவளை நிறுத்தாதீங்க. நீ வாசி அக்கா, நிறுத்தாதே.

— பெரியவர் வேற எழுந்து உட்கார்ந்துட்டார்... என்ன தாத்தா, உங்களுக்குத் தொந்தரவா இருக்கா? இல்லையா? சரி, அப்ப கேளுங்க.

— மேல ஏறு... ஏறு... இந்த இடம் போன மாசம் உனக்கு வரவே இல்ல, இப்ப பாரு... ம்... அழுதுட்டே வாசிக்கிறியே கழுதை, கம்பி தெரியுதா உனக்கு? தெரியாட்டிப் போகுது, கைக்குத் தெரியும்... கடைசி வரி. வளை. முழுசா வளை. மூணு விரலும்... பிடிச்சு நில்லு... நில்லு... இறக்கு.

— முடிஞ்சுடுச்சு. ஒரு தப்பும் இல்ல. போதுமா? திருப்தியா உனக்கு? நல்லா இருந்துச்சுன்னாவது சொல்லித் தொலை.

— கிடார்க்காரரே, கண்ணைத் துடைச்சுக்கோங்க, இந்தாங்க பஞ்சு. மெஷின் முடியப்போகுது, ஊசி எடுக்கணும். டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டார். புதன்கிழமைக்கு நான் என்ன சொல்லட்டும்?

— வர்றேன்னு சொல்லுங்க சிஸ்டர்.

— நிஜமாவாங்க?

— நிஜமாத்தான். அந்தச் சின்ன வயசுக்காரருக்கு வேற படுக்கை பாருங்க. இது எனக்கு வேணும்.

— டேய், என்னடா இது? நான்தான் வாசிச்சு முடிச்சுட்டேனே? பேச்சு முறிஞ்சுபோச்சு, கேட்டுட்டுப் போறேன்னு நீதானே இவ்வளவு நேரம் என்னைக் கதற வெச்சே?

— புதுசா ஒண்ணும் தோணாமப் போச்சு அக்கா, மூணு வாரமா ஒரு சுரம்கூட வரல, அதான் டாக்டர்கிட்ட போதும்னேன். நீ இப்ப இறக்கி முடிச்சே பாரு, அங்கிருந்து அடுத்தது வந்துடுச்சு.

— அடுத்ததா? எதுக்கு அடுத்தது? இதான் கடைசி வரின்னியே?

— நான் மேடையில வாசிச்ச ட்யூன் மொத்தமே முதல் நாலு வரிதான், அதை நீ முதல் மாசமே முடிச்சுட்டே. மத்ததெல்லாம் நீ முடிச்சிடுவியோங்கிற பயத்துல இங்க படுத்துக்கிட்டே நான் போட்டது.